பிரேக் பிடிக்கலைன்னு எழுதறீங்க, பிரேக் ஆயில் எப்ப மாத்துனாங்கன்னு யாராவது கேட்டீங்களா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் காரிமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம், 14 வருஷமா சொந்தமா ஒரு பிக்கப் வச்சு ஓட்டறேன், தக்காளி சீசன்னா பாலக்கோடு மார்க்கெட்டுல இருந்து சேலத்துக்கு, மாங்கா சீசன்னா கிருஷ்ணகிரி பக்கம் தோப்புங்கள்ல இருந்து மாங்கூழ் கம்பெனிக்கு, நடுவுல ஏதாவது வீடு மாத்தறது, கோழித்தீவனம், இப்படி போவுது பொழப்பு. உங்க பேப்பர தினமும் டீக்கடைல படிக்கிறேன், காசு குடுத்து வாங்குனது கம்மிதான், அத ஒத்துக்கிறேன்.

தருமபுரி-சேலம் ரோட்டுல தொப்பூர் கணவாய்ல ஒரு விபத்து நடந்தா அடுத்த நாள் உங்க பேப்பர்ல வர்ற வரி எனக்கு மனப்பாடம். "திடீரென பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த" அப்படின்னு ஆரம்பிக்கும். 2020 டிசம்பர்ல அங்க ஒரு லாரி வரிசையா நின்ன வண்டிங்க மேல ஏறுச்சே, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனையோ, எல்லாத்துக்கும் இதே வரிதான். அந்த "திடீரென"ங்கற வார்த்தை மேலதான் எனக்கு சண்டை. லாரிக்கு ஏர் பிரேக், அது வேற கதை, அதப்பத்தி அத ஓட்டறவங்க எழுதட்டும். ஆனா பிக்கப், ஏஸ், தோஸ்த் மாதிரி சின்ன லோடு வண்டி, கார், வேன், டிஸ்க் வச்ச பைக், இதுங்களுக்கு எல்லாம் ஆயில் பிரேக்கு. இந்த ஆயில் பிரேக் பெரும்பாலும் திடீர்னு போறது இல்ல, மாசக்கணக்கா வருஷக்கணக்கா சொல்லிட்டுதான் போவுது, நாமதான் காதுல வாங்கறது இல்ல. நானும் வாங்கல, அதான் இந்த லெட்டரே.

போன வருஷம் அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச சமயம். மார்க்கெட்டுல ஏலம் முடிஞ்சு தக்காளி கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) ஏத்த லேட் ஆயி, பாளையம் டோல்கேட் தாண்டும்போதே வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. கணவாய் எறக்கத்துல எனக்கு முன்னாடி ஒரு டிரெய்லர் ஊர்ந்துகிட்டு போவுது, ஓவர்டேக் பண்ண வழியில்ல, நான் நாலாவது கியர்லயே வண்டிய போட்டுட்டு பிரேக்க மிதிச்சு மிதிச்சு பின்னாடியே வர்றேன். லேசா ஒரு தீஞ்ச வாசனை வந்துச்சு, டிரெய்லரோடதுன்னு நெனச்சேன். கொஞ்ச தூரத்துல பெடல் பஞ்சு மாதிரி ஆச்சு. அதுக்கு அடுத்த வளைவுல மிதிச்சா கால் நேரா போய் பலகைய தொடுது. பெடல்ல ஒண்ணுமே இல்ல, காத்த மிதிக்கற மாதிரி இருக்கு.

அந்த நேரத்துல செஞ்சத சொல்றேன், யாருக்காவது உதவும். பெடல விட்டு விட்டு நாலஞ்சு தடவ வேகமா பம்ப் அடிச்சேன், கொஞ்சூண்டு கனம் வந்துச்சு. மூணாவது கியர், அது ஏத்துக்கிட்டதும் ரெண்டாவது, இஞ்சின் கத்துன கத்துல வாய பொளந்துடும்போல, கத்தட்டும்னு விட்டுட்டேன். ஹேண்ட் பிரேக்க ஒரேடியா இழுக்காம ஒவ்வொரு பல்லா ஏத்துனேன், ஏன்னா அது கேபிள்ல வேலை செய்யுது, ஆயில நம்பி இல்ல, ஆனா சட்டுனு இழுத்தா பின்வீல் லாக் ஆயி வண்டி சுத்திடும். இடது ஓரத்துல மண்ணுல எறக்கி, ஒரு மாதிரி நின்னுச்சு. எறங்கி பாத்தா மேல் அடுக்கு ரெண்டு கிரேடு சாஞ்சு தக்காளி ரோட்டுல உருண்டுகிட்டு இருக்கு. கால் நடுங்கறது நிக்க பத்து நிமிஷம் ஆச்சு.

இனிதான் வேடிக்கை. அரை மணி நேரம் கழிச்சு பெடல அமுத்தி பாத்தா கல்லு மாதிரி நிக்குது! ஆயில் எங்கயும் ஒழுகல, டயர் உள்பக்கம் ஈரம் இல்ல, பிரேக் ஆயில் டப்பால லெவல் கொஞ்சம்தான் கம்மி. ஆஞ்சநேயர் காப்பாத்திட்டாருன்னு கோயில் இருக்கற திசைய பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு மெதுவா சேலம் போய் சேந்தேன். மறுநாள் நான் வழக்கமா விடற பட்டறைல காட்டுனா, ஓட்டி பாத்துட்டு "நல்லாத்தானே பிடிக்குது, ஆயில் கொறஞ்சிருந்துச்சு, டாப்-அப் பண்ணிட்டேன்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. நானும் வந்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒரு வேலையா தருமபுரில ஒரு சின்ன பட்டறைக்கு போனேன், அங்க ஒரு வயசான மெக்கானிக். பேச்சுவாக்குல இந்த கதைய சொன்னேன். அவரு ஸ்பேனர கீழ வச்சுட்டு கேட்டாரு.

"பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துன தம்பி?"

"இப்பதான்ணா, ரெண்டு வாரம் முன்னாடி ஊத்துனாங்க."

"ஊத்துனத கேக்கல. மாத்துனது எப்ப?"

எனக்கு பதில் தெரியல. இப்ப ஓட்டற இந்த வண்டி வாங்கி அப்ப ஆறு வருஷம். ஒரு தடவ கூட மாத்துனது இல்ல.

அவரு பின்வீல் நிப்பிள்ல (ஆயில வெளிய விடற சின்ன திருகு) ஒரு டியூப் மாட்டி கொஞ்சம் ஆயில ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சாரு, பக்கத்துல புது பாட்டில்ல இருந்து இன்னொரு டம்ளர்ல ஊத்தி வச்சாரு. புதுசு வெளுத்த தேன் மாதிரி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவரு விரல் தெரியுது. என்னோடது கருப்பட்டி காப்பி, அடியில மண்டி வேற. "இதுல பாதி தண்ணி குடிச்சு கெடக்கு, இத வச்சு தொப்பூர் எறங்குனியா"ன்னாரு. பாதிங்கறது அவரு பேச்சு வழக்கு, நிஜத்துல நூத்துல மூணு நாலு பங்கு தண்ணி சேந்தாலே போதும் கத முடிஞ்சுது.

விஷயம் இதுதான். பிரேக் ஆயில்னு நாம சொல்றோமே தவிர அது இஞ்சின் ஆயில் மாதிரி எண்ணெய் கெடையாது, கிளைக்கால் (glycol) வகை ரசாயன திரவம், உப்பு மழைக்காலத்துல ஈரம் இழுக்குற மாதிரி இது வருஷம் முழுக்க காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், டப்பா மூடி வழியா, ரப்பர் ஹோஸ் வழியா கூட. டாட் 3ங்கற ரக ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரில கொதிக்கணும்னு கணக்கு, 3.7 சதவீதம் தண்ணி சேந்ததும் அது 140 டிகிரிக்கு எறங்கிடலாம். டாட் 4 புதுசுல 230, தண்ணி சேந்தா 155. எறக்கத்துல லோடோட தொடர்ந்து பிரேக் மிதிச்சா டிஸ்க்கும் டிரம்மும் இருநூறு டிகிரிய சாதாரணமா தாண்டும், அந்த சூடு டிஸ்க்க கவ்வுற காலிபர், டிரம் உள்ள இருக்கற வீல் சிலிண்டர் வழியா ஆயிலுக்கு போவுது, ஆயில் கொதிச்சு ஆவி குமிழி வருது. பைப் உள்ள திரவம் இருக்கற வரைக்கும் நம்ம கால் பலம் அப்படியே வீலுக்கு போவும், ஏன்னா திரவத்த அமுக்கி சுருக்க முடியாது. ஆவி சுருங்கும். நாம மிதிக்கற மிதி எல்லாம் அந்த குமிழிய அமுக்கறதுலயே செலவாயிடும், டிஸ்க்க உரசி நிறுத்தற பேடுக்கு ஒண்ணும் போய் சேராது. ஆறுனதும் ஆவி திரும்ப திரவம் ஆயிடும், பெடல் பழையபடி கல்லு. அதனாலதான் மறுநாள் எந்த பட்டறைல காட்டுனாலும் நல்லா இருக்குன்னு சொல்வாங்க. விபத்துக்கு அப்பறம் வண்டிய மிதிச்சு பாத்தாலும் இப்படித்தானே இருக்கும், அப்ப டிரைவர் சொல்றது பொய்னு ஆயிடுது பாருங்க.

டாப்-அப் பண்ணா அந்த பழைய ஆயில் எங்க போவும்? டப்பால மேல புதுசு நிக்கும், வீல்கிட்ட, சூடு ஏறற இடத்துல, ஆறு வருஷத்து காப்பி அப்படியே இருக்கும். அதுவும் லெவல் கொறையறதே ஒரு தகவல். பேடு தேய தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்த நெரப்ப டப்பால இருந்து ஆயில் எறங்கும், அது சகஜம். பேடு நல்லா இருந்தும் லெவல் எறங்குனா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு பாக்காம ஊத்தி மூடறது சரியில்ல. தேஞ்ச பேடுக்கு ஆயில் நெரப்பி வச்சா, புது பேடு போடும்போது பிஸ்டன உள்ள தள்ளுவாங்க, மேல நெரம்பி வழிஞ்சு போனட் பக்கம் எல்லாம் பெயிண்ட உரிச்சுடும். எங்க ஊர்ல ஒரு கார் முன்பக்கம் தேமல் பிடிச்ச மாதிரி இருக்கும், இதே கததான். பெயிண்ட்ல சிந்துனா துணியால தேய்க்காதீங்க, ஒடனே தண்ணிய ஊத்துங்க, தண்ணில கரைஞ்சு போயிடும்.

அன்னைக்கே மாத்தணும்னு சொல்லிட்டேன். நானேதான் பெடல்ல உக்காந்தேன், அவரு கீழ. முதல்ல டப்பால இருந்த பழசு எல்லாத்தையும் சிரிஞ்சுல உறிஞ்சு எடுத்தாரு. சில பேரு டியூப்ப வாயில வச்சு உறியறத பாத்திருக்கேன், பெட்ரோல் எடுக்கற மாதிரி, தயவு செஞ்சு பண்ணாதீங்க, விஷம் அது. புதுசு ஊத்தி, பெடல மிதிச்சா ஆயில தள்ளி விடற மாஸ்டர் சிலிண்டருக்கு தூரமா இருக்கற இடது பின்வீல்ல ஆரம்பிச்சாரு, அப்பறம் வலது பின்னாடி, இடது முன்னாடி, கடைசியா வலது முன்னாடி. சில வண்டிக்கு கம்பெனி புக்குல வேற வரிசை சொல்லியிருப்பாங்க, ஏபிஎஸ் (வீல் லாக் ஆகாம பாத்துக்கறது) வச்சது சிலதுக்கு கம்ப்யூட்டர் மாட்டித்தான் உள்ள இருக்கற காத்த எடுக்கணும், அத பட்டறைல கேட்டுக்கங்க. "மிதி... பிடி"ம்பாரு, நான் மிதிச்சு பிடிப்பேன், அவரு நிப்பிள கால் சுத்து தொறப்பாரு, பெடல் கீழ போவும், அவரு மூடுனப்பறம்தான் "விடு"ம்பாரு. மூடறதுக்கு முன்னாடி நான் கால எடுத்தா வெளிக்காத்து உள்ள போயிடும், ரெண்டு தடவ நான் அவசரப்பட்டு திட்டு வாங்குனேன். டியூப்ல முதல்ல கருப்பு, அப்பறம் பழுப்பு, நடுவுல குமிழி, கடைசில தேன் நிறம். நடுநடுவுல டப்பாவ எட்டி பாத்து ஊத்திகிட்டே இருந்தாரு, அது காலியானா மறுபடி முதல்ல இருந்து. மொத்தம் ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு லிட்டர் ஆயில், கூலி எல்லாம் சேத்து ஒரு டிரிப் டீசல் காசு கூட வரல. ஆறு வருஷம் இதுக்கு கஞ்சத்தனம் பண்ணியிருக்கேன்.

ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, இல்ல 40,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுக்கு மாத்தணும்னு பெரும்பாலும் சொல்றாங்க, உங்க வண்டி புக்குல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. என்ன ஆயில்னு டப்பா மூடியிலயே எழுதியிருக்கும். பைக்ல கூட ஹேண்டில்பார்ல அந்த சின்ன டப்பா மூடில இருக்கும், மூடிய தொடச்சுட்டு தொற, சீல் ஒடைக்காத பாட்டில்ல இருந்து ஊத்துன்னு, இங்கிலீஷ்ல இருக்கறதால யாரும் படிக்கறது இல்ல. நம்பர் பெருசா இருந்தா ஒசத்தின்னு டாட் 5 வாங்கிடாதீங்க, அது சிலிக்கான், மத்ததோட சேராது. டாட் 5.1 வேற, அது நம்ம 3, 4 குடும்பம்தான். பேர் வச்சவன் குழப்பறதுக்குன்னே வச்சிருக்கான்.

இன்னொன்னு, அந்த டப்பால வேற எந்த எண்ணெயும் ஒரு சொட்டு கூட போவக்கூடாது. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் வண்டில கிளீனர் பையன் பவர் ஸ்டீயரிங் ஆயில ஊத்திட்டான், எல்லாம் ஆயில்தானேன்னு. உள்ள இருக்கற ரப்பர் கப்பு எல்லாம் ஊறி உப்பிடுச்சு, பிரேக் மிதிச்சா பிடிக்குது, விட்டா விடல. கடைசில மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, வீல் சிலிண்டர் கிட்டு, ஹோஸ்னு ரப்பர் இருக்கற எல்லாத்தையும் மாத்த வேண்டியதா போச்சு. அதே காரணத்துக்குத்தான் இந்த பார்ட்ட மண்ணெண்ணெய், டீசல்ல கழுவக்கூடாதுன்னு சொல்றது, ஆனா நம்ம பட்டறைங்கள்ல மண்ணெண்ணெய் தட்டு இல்லாத இடம் எது?

மிச்சம் இருக்கற ஆயில் பத்தி சொல்லாம விட்டா என் வீட்டுக்காரம்மா விடமாட்டா. அன்னைக்கு கால் பாட்டில் மீந்துச்சு, மூடி ஒடைஞ்சிருந்துச்சுன்னு ஒரு பழைய கலர் பாட்டில்ல ஊத்தி வீட்டு ஜன்னல்ல வச்சேன். சாயங்காலம் மச்சான் பையன், அஞ்சு வயசு, அத கையில எடுத்துட்டு "மாமா ஜூஸ்"னு வர்றான். மூடி தொறக்கல, சாமி புண்ணியம். நிறமும் அப்படித்தானே இருக்கு. உள்ள போனா கிட்னிய கெடுத்துடும், முதல் சில மணி நேரம் ஒண்ணும் ஆகாத மாதிரி கூட இருக்கும்னு அப்பறம்தான் தெரிஞ்சுகிட்டேன். யாராவது தெரியாம குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, 108க்கு அடிச்சு நேரா பெரிய ஆஸ்பத்திரி, பாட்டிலையும் கையோட எடுத்துட்டு போங்க. கண்ணுல பட்டா நல்ல தண்ணில கால் மணி நேரம் விடாம கழுவிட்டு டாக்டர பாருங்க. அப்பறம் தண்ணில போடற குளோரின் பவுடர் பக்கத்துல இத வைக்காதீங்க, ஸ்ட்ராங்கான பவுடரோட சேந்தா தீக்குச்சி இல்லாமயே தீ பிடிக்கும். இவ்வளவும் தெரிஞ்சப்பறம் அந்த கால் பாட்டில பட்டறைலயே குடுத்துட்டேன், தொறந்த பாட்டில் எப்படியும் ஈரம் இழுக்கும், அடுத்த ரெண்டு வருஷத்துக்கு எடுத்து வைக்கறது வீண். பழச சாக்கடைல, வயல்ல ஊத்தாம தனி கேன்ல பிடிச்சு கழிவு ஆயில் எடுக்கறவங்ககிட்ட சொல்லி குடுங்க, பழைய இஞ்சின் ஆயிலோட கலக்க வேணாம்.

பெடல் என்ன சொல்லுதுன்னு அந்த மெக்கானிக் சொன்னத இப்ப தினமும் காலைல பாக்கறேன், ஒரு நிமிஷ வேலை. இஞ்சின் ஆஃப்ல நாலஞ்சு தடவ மிதிச்சுட்டு அப்படியே அமுக்கி பிடிச்சு முப்பது எண்ணனும், பெடல் மெல்ல மெல்ல கீழ போனா எங்கயோ ஒழுகுது, இல்ல மாஸ்டர் சிலிண்டர் கப்பு போயிடுச்சு. பிடிச்சுகிட்டே ஸ்டார்ட் பண்ணா லேசா ஒரு எறக்கம் எறங்கணும், எறங்கலன்னா நம்ம மிதிக்கு பலம் கூட்டிக் குடுக்கற பூஸ்டர்ல கோளாறு. பஞ்சு மாதிரி இருந்தா காத்து. ஒரு பக்கம் இழுத்தா காலிபர் இல்ல வீல் சிலிண்டர் ஒண்ணு இறுகியிருக்கலாம். அதோட நம்மாளுங்க டீசல் மிச்சம்னு எறக்கத்துல நியூட்ரல் போட்டு, சில பேரு இஞ்சினயே ஆஃப் பண்ணி உருட்டுவாங்க, ஆஃப் பண்ணா பூஸ்டர்ல ரெண்டு மூணு மிதிக்குத்தான் வேக்குவம் இருக்கும், அப்பறம் மிதிக்க யானை பலம் வேணும், ஸ்டீயரிங்கும் இறுகிடும். ஏறுன கியர்லயே எறங்கணும்னு எங்கப்பா காலத்துல இருந்து சொல்றாங்க. கீழ போய் டிரம் பொகையுதுன்னு தண்ணிய ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும், நிறுத்தி ஆற விடுங்க.

கியர் இல்லாத ஸ்கூட்டர்ல ஆடிப்பெருக்குக்கு பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் எறங்கறவங்க, வத்தல்மலை ஏறி எறங்கற பசங்க, அஞ்செட்டி பக்கம் போறவங்க, உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், அந்த வண்டில இஞ்சின் பிடிக்கற பலம் ரொம்ப கம்மி, எல்லா பாரமும் பிரேக் மேலதான், வளைவுக்கு வளைவு நிறுத்தி போட்டோ எடுக்கறது பிரேக்குக்கும் நல்லது.

ஐயா, கேக்க நெனச்சது மூணு விஷயம். விபத்து செய்தி போடும்போது பிரேக் பிடிக்கலைன்னு டிரைவர் சொன்னா அந்த வண்டிக்கு ஆயில் எப்ப மாத்துனாங்க, எந்த கியர்ல எறங்குனாங்கன்னு உங்க நிருபர் ஒரு வார்த்தை கேட்டு போடட்டும். ரெண்டாவது, எங்கள மாதிரி வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருஷா வருஷம் எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) காட்டறோம், லைட்டு, ஸ்டிக்கர், பெயிண்டுனு பாக்கறாங்க, ஓட்டி பிரேக் பாக்கறாங்க, பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கு, டப்பால முக்குனா ஆயில்ல எவ்வளவு தண்ணின்னு லைட் காட்டும், அத ஒரு செகண்ட் முக்கி பாத்தா என்ன கொறஞ்சிடும்? மூணாவது, பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டுல சீசன் நேரத்துல நூத்துக்கணக்குல பிக்கப் ஏலம் முடியற வரைக்கும் சும்மாதான் நிக்குது. கண் பரிசோதனை முகாம் போடற மாதிரி அங்க ஒரு நாள் பிரேக் ஆயில் முகாம் போடச் சொல்லி உங்க பேப்பர்ல எழுதுங்க. அந்த மெக்கானிக்க நான் கூட்டிட்டு வர்றேன், கேட்டுட்டேன், டெஸ்டர் மட்டும் யாராவது வாங்கி குடுத்தா போதும்னு சொல்லிட்டாரு.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் டிரைவர்,
காரிமங்கலம் பகுதி, தருமபுரி மாவட்டம்.